பழப்புளி போட்டுத் துலக்கிய துவக்கு

என் அன்புக்குரிய 'இஞ்சேருங்கோ'வுக்கு,

முப்பத்தெட்டு வருடம் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் மட்டும் எதற்குப் புதுப் பழக்கம்?

ஒரு பிழை செய்துவிட்டேன். அதை நானே சொல்லிவிடுவது நல்லது. யென்ஸின் துவக்கைத் துலக்கிவிட்டேன். பழப்புளியும் உப்பும் போட்டு, குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரி.

சில்க்போர்க்கில் தமிழ் மலர் அச்சிடுகிறவர்கள் உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரக் கேட்டார்கள். ஆகவே இதை மற்றவர்களும் வாசிப்பார்கள். உங்களுக்குத் தெரிந்ததையும் இடையிடையே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சேர்த்த துவக்குகள் அமெரிக்காவில் செய்த பழைய றிவோல்வர்கள். இரும்பில் கொடியும் பூவுமாக வேலைப்பாடு வெட்டியவை. ஒவ்வொரு வெடிக்கும் முன்னர் பின்பக்கத்தில் உள்ள, குதிரை என்கிற கொக்கியைப் பெருவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். சும்மா விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. நம் வீட்டிலிருந்த நான்கில் எதையும் நீங்கள் வெடித்துப் பார்த்ததில்லை. இவ்வளவு பழையதை வைத்திருக்கலாம் என்று போலீஸ் எழுதித் தந்த கடிதம் உங்கள் ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த மனுசன், காசு குடுத்துத் துவக்கு வாங்குறார்" என்று கொண்டாட்டங்களில் உங்களைச் சீண்டுவார்கள். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். ஒருமுறை மட்டும், காரில் திரும்பி வரும்போது, "சுடுறதிலை எனக்கு என்ன இருக்கு? ஆரின்ரை கையிலை இருந்தது எண்டதுதான் எனக்குத் தெரியவேணும்" என்றீர்கள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா?

நான்கில் யென்ஸினுடையதுதான் உங்கள் செல்லம். அதன் கைப்பிடியின் முதுகுப் பக்கம் பித்தளை. அந்தப் பித்தளையில் ஒரு பெயர் வெட்டியிருந்தது: யென்ஸ் கிறிஸ்டென்சன். அதற்குக் கீழே, நாம் வாழும் இந்த நாட்டின் வடக்கில், யூட்லாந்தில் ஒரு கிராமத்தின் பெயர். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒன்பது வருடம் திரிந்தீர்கள். உள்ளே இருந்த இலக்கத்தை அமெரிக்காவுக்கு எழுதி, எந்த ஊர்க் கடைக்கு அனுப்பப்பட்டது என்று அறிந்தீர்கள். அந்த ஊரில் குடியேறிய டெனிஷ்காரரின் பட்டியலைத் தேடினீர்கள். பிறகு இங்கே தேவாலயப் பதிவேடு. கடைசியில் ஓல்போர்க்கில் கிர்ஸ்டன் என்ற எண்பத்துநான்கு வயதுப் பெண்மணியைக் கண்டுபிடித்தீர்கள். யென்ஸ் அவருடைய பூட்டன். அமெரிக்கா போய், திரும்பி வந்தவன்.

"பனி போகட்டும், கொண்டுபோய்க் குடுக்கப்போறன்" என்று தைப்பொங்கலன்று சொன்னீர்கள். மாசியில் நீங்களே போய்விட்டீர்கள்.

முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு, உங்களுக்குப் பிடித்ததெல்லாம் படத்துக்கு முன்னால் படைக்கச் சொன்னார்கள். வடை, பாயாசம், கத்தரிக்காய்ப் பொரியல், நீங்கள் களவாகச் சாப்பிடும் லிக்கரிஸ் இனிப்பு எல்லாம் வைத்தேன். பிறகு யோசித்தேன்: இந்த மனிதருக்கு என்னைவிடப் பிடித்த ஒன்று அலுமாரியில் இருக்கிறதே. எடுத்துப் பார்த்தால் பித்தளை முழுக்கக் களிம்பு, எழுத்துகளுக்குள் கரி மாதிரிக் கறுப்பு. பளபளக்கிற விளக்குகளுக்குப் பக்கத்தில் அதை எப்படி வைப்பது? வருகிற சனம் என்னையல்லவா சொல்லும்? இரும்பில் கை வைக்கவில்லை; அவ்வளவு அறிவு இருந்தது. பித்தளையை மட்டும் பழைய பல்துலக்கியால் எழுத்து எழுத்தாகத் தேய்த்தேன். பொன் மாதிரி வந்தது.

"அக்கா, உந்தத் துவக்கை ஏன் படத்துக்கு முன்னாலை வச்சிருக்கிறியள்?" என்று என் தங்கை காதுக்குள் கேட்டாள்.

"பிடிச்சதை வைக்கச் சொன்னியள். வச்சிட்டன்" என்றேன். ஐயர் ஒருதரம் பார்த்தார், தண்ணீரைச் சற்றுத் தள்ளித் தெளித்தார்.

பின்னேரம் உங்கள் கூட்டாளி பௌல் பூச்செண்டோடு வந்தார். பழைய துவக்கு சேர்க்கிறவர்களில் நம் வீட்டுக் கறி சாப்பிடுகிற ஒரே டெனிஷ்காரர். படத்தைப் பார்த்துத் தலை குனிந்தார். குனிந்த பார்வை வடைத்தட்டுக்குப் பக்கத்திலிருந்த துவக்கில் நின்றுவிட்டது. பிறகு கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

விலை போனால் போகட்டும் என்றார் பௌல். அந்தக் கறுப்புத்தான் சாட்சியாம். பெயர் வெட்டி நூறு வருடத்துக்கு மேலாயிற்று என்பதற்கு எழுத்துக்குள் இறுகியிருந்த ஊத்தையைத்தான் நீங்கள் எல்லாருக்கும் காட்டுவீர்களாம். இப்போது பார்த்தால் போன கிழமை யாரோ வெட்டிய மாதிரி இருக்கிறது, இது யென்ஸுடையது என்று எதை வைத்து நம்பவைப்பது என்று கேட்டார். கோபப்படவில்லை. பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் உங்கள் குரல் ஞாபகம் வந்தது. "இஞ்சேரப்பா, நீர் ஊத்தை எண்டு சொல்லுறதுதான் இதின்ரை வயசு. தொட்டுப்போடாதையும்." சொன்னீர்கள்தான். துடைக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் ஒன்பது வருடத்தை அரைமணித்தியாலத்தில் கழுவி ஊற்றிவிட்டேன். அன்றைக்கு, எல்லாரும் போன பிறகு, உங்களுக்காக அழுததைவிட அதற்காகக் கூட அழுதேன்.

மற்ற மூன்றையும் பௌல் எழுத்துமூலம் பொறுப்பெடுத்தார். யென்ஸினுடையதை மட்டும் வைகாசியில் நானும் மகள் ஆரணியும் ஓல்போர்க்குக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அவள் டெனிஷில் புத்தி சொல்லிக்கொண்டு வந்தாள். பழப்புளிக் கதையைச் சொல்லாதே, கொடுத்துவிட்டு வா என்பதுதான் சுருக்கம்.

"கொப்பர் குடுத்த வாக்கு. ஒளிச்சுக் குடுக்கிறதெண்டால் நான் வரேல்லை" என்றேன். அப்பாவின் வாக்கு என்றதும் அவள் புத்தி சொல்வதை விட்டுவிட்டாள்.

கிர்ஸ்டன் கோப்பியும் கேக்கும் வைத்திருந்தார். துவக்கை மேசையில் வைத்து, உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவர் அதை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார், வயதில் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. "உங்கள் கணவர் அனுப்பிய படத்தில் சரியான ஊத்தையாக இருந்தது" என்றார். "வந்ததும் கழுவவேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சாட்சி போனது போனதுதான். மிச்சமிருந்தது உங்கள் ஃபைல். அவரால் வாசிக்க முடியாததால் நான் வாசித்தேன். ஒன்பது வருடம் என் வீட்டு அலுமாரியில் இருந்த ஃபைலை முதல்முறையாக அங்கேதான் திறந்தேன்.

கடைசிப் பக்கம், நீங்கள் போவதற்கு மூன்று கிழமைக்கு முன் எழுதியது. அதே கிராமத்தில், அதே காலத்தில், இரண்டு யென்ஸ் கிறிஸ்டென்சன். இரண்டு பேரும் அமெரிக்கா போனவர்கள். ஒருவன் திரும்பினான், மற்றவன் அங்கேயே செத்துப்போனான். துவக்கு எவனுடையது என்று உங்களுக்கே தெரியவில்லை. செத்தவனின் பெட்டியைக்கூட, இந்தத் துவக்கோடு, ஊருக்கு அனுப்பியிருக்கலாம். கொடுப்பதற்கு முன் கிர்ஸ்டனிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள்.

ஆக, நீங்களும் ஒன்றை மறைத்து வைத்திருந்தீர்கள். என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?

கிர்ஸ்டன் ஆச்சரியப்படவில்லை. கடைசி ஞாயிறுகளில் தொலைபேசியில் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் மழையைப் பற்றி விசாரிப்பீர்களாம். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மணித்தியாலம் அவரோடு கதைத்தீர்கள். நான் குசினியில் பொரித்துக்கொண்டு, துவக்குக் கதை என்று நினைத்தேன். பாதி என்னைப் பற்றியாம். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி என் முழங்கால் தேய்ந்ததைச் சொன்னீர்களாம். வீட்டில் ஒருநாளும் கேட்காத மனிதர்! இந்தத் தேடலெல்லாம் அவளுக்குப் பிடிக்காது, அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன் என்றீர்களாம். எனக்குக் கோபம் வந்தது. இன்னும் முழுக்கப் போகவில்லை.

புறப்படும்போது கிர்ஸ்டன் துவக்கை என் பக்கம் தள்ளினார். "என் பூட்டனுடையது என்றால் வாங்குவேன். மற்றவனுடையது என்றால் அது வேறொரு வீட்டுக்குப் போகவேண்டும். தெரிந்தபிறகு கொண்டுவாருங்கள்" என்றார். கோப்பைகளை அடுக்கியபடி, "இனி ஞாயிற்றுக்கிழமை யார் தொலைபேசி எடுப்பார்கள்?" என்று கேட்டார்.

"நான்" என்று சொன்னது என் வாய்தான். ஆரணி திரும்பிப் பார்த்தாள்.

ஆகவே, இஞ்சேருங்கோ, துவக்கு திரும்ப நம் அலுமாரியில்தான் இருக்கிறது. களிம்பு மெல்லப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. இனி நான் தொடமாட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு வேலையில்லை. செத்துப்போன யென்ஸின் பெட்டி ஊருக்கு வந்ததா என்று ஆவணக்காப்பகத்தில் கேட்கப் போகிறேன். உங்கள் பூதக்கண்ணாடியை என் கைப்பையில் வைத்துவிட்டேன். எவனுடையது என்று தெரிந்த அன்றைக்கு, எந்த வீடானாலும், என் கையால் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆனால் முதலில் உங்கள் படத்துக்கு முன்னால் வந்து சொல்வேன். இந்த முறை நான் கதைப்பேன், நீங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஒன்பது வருடம் பிந்திக் கேட்கிற,
உங்கள் மனைவி,
உங்கள் 'இஞ்சேரப்பா'