கொக்கு வாங்கிய தாத்தா

ஜனவரி 5, ஞாயிறு

நேற்று ஒருவர் இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். ஒருமுறைகூடச் சூடு பண்ணவில்லை என்று சாதித்தார். அடித்தட்டில் நீலச் சட்டைத் துணி தீய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "ரசீது இருக்கா?" என்றேன். அதுவும் இல்லை. பதினோரு வருடமாகப் பொருளைத் திருப்பி வாங்கும் கவுன்டரில் நிற்கிறேன். எதிரே நிற்பவர் வாயைத் திறப்பதற்குள் என் கை ரசீதுக்கு நீண்டுவிடுகிறது.

லீகில் என் பெயரே 'ரசீது அக்கா'தான். எங்கள் கடைக் கிடங்கு ஆட்கள் போனில் ஆரம்பித்த கூடைப்பந்து விளையாட்டு அது. இப்போது பன்னிரண்டு அணிகள், பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் ஆடிக்கொள்ளும். நம் வேலை ஆள் பிடிப்பது. சம்பளத்துக்கு ஒரு வரம்பு உண்டு என்பதால் நட்சத்திரங்களாக வாங்கிக் குவிக்க முடியாது. யாருக்கும் வேண்டாமல் ஃப்ரீ ஏஜென்ட் பட்டியலில் கிடப்பவர்களில் உருப்படியானவனைச் சல்லிசாகத் தூக்க வேண்டும், அதுதான் சாமர்த்தியம். ஒவ்வொருவனிடமும் மனதுக்குள் நான் கேட்பது ஒரே கேள்வி: இவ்வளவு நல்லவன்னா உன்னை ஏன்டா வெளியே விட்டாங்க?

இந்த வாரம் என் கண் இடதுகைக்காரன் மேல். (கம்ப்யூட்டர் வைக்கும் பெயர்கள் வாயில் நுழைவதில்லை. எல்லோருக்கும் நான் வைத்த பட்டப்பெயர்தான்.) ஞாயிறு மாலை விலை ஒருபடி இறங்கும், ஆள் எடுப்பது திங்கள் காலையிலிருந்து. நாளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

ஜனவரி 6

இடதுகைக்காரன் போய்விட்டான். கொக்கு எடுத்திருக்கிறான். 'கொக்கு' என்ற பெயரில் ஆடுகிறவன் யாரென்று தெரியாது. போகட்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

நாத்தனார் வந்து இன்றோடு இரண்டு வாரம். அவள் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். "வேலை கிடைக்கிற வரைக்கும்" என்றார் இவர். கிடைக்கிற வரைக்கும் என்றால் எதுவரைக்கும்? இருக்கிறது இரண்டே அறை. அவளும் என் மகளும் உள்ளறையில் படுக்கிறார்கள். என் துணி அலமாரி, அதற்குள் துணிக்கு அடியில் இந்த டைரி, எல்லாம் அங்கேதான்.

இன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, இதுல ஆளை எப்படிப் பிடிப்பீங்க?" என்று கேட்டாள். நானும் மெனக்கெட்டு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். இவளுக்கு எதற்கு இது என்று இப்போதுதான் தோன்றுகிறது.

நாளை எடுக்க வேண்டியது: நெட்டையன்.

ஜனவரி 13

நெட்டையன் கொக்கிடம்.

ஜனவரி 19, ஞாயிறு

மூட்டுவலிக்காரன். காயம் ஆறிவிட்டது, பட்டியலில் பழைய விலையே நிற்கிறது. வேறு எவனும் கவனித்திருக்க மாட்டான்.

ஜனவரி 20

கவனித்துவிட்டான். காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு எடுத்திருக்கிறான்.

ஒருமுறை என்றால் தற்செயல். இரண்டுமுறை என்றால் அவனுக்கு யோகம். மூன்று வாரமும் வரிசையாக நான் நினைத்த ஆளையே எப்படி எடுப்பான்? நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. இவரிடம்கூடச் சொல்லவில்லை. எழுதி வைத்தது ஒரே இடத்தில்தான்.

இங்கே.

ஜனவரி 22

டைரியை முதுகு சுவரைப் பார்க்கிற மாதிரி வைப்பேன். இன்று தலைகீழாக இருந்தது. நான் உள்ளே போனதும் நாத்தனார் போனைச் சட்டென்று அணைத்துவிட்டாள். யாரு என்றேன். "சும்மா, தெரிஞ்சவங்க" என்றாள். சும்மா பேசுகிறவள் எதற்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குசுகுசுக்க வேண்டும்? கொக்கு இவளேதானா, இல்லை இவள் யாருக்காவது ஓதுகிறாளா?

ஜனவரி 26, ஞாயிறு

இன்று ஒரு புதையல் கிடைத்தது. வயது முப்பத்துநான்கு, நான் வைத்த பெயர் தாத்தா. ஆட்டத்துக்கு மூன்று புள்ளிதான் போடுகிறார். ஓட்டமும் இல்லை. ஆனால் இவரைப் பற்றி எனக்கு மட்டும் ஒரு ரகசியம் தெரியும். இந்த வருடக் கோப்பையே இவரால்தான் வரப்போகிறது. நாளை மதியம் எடுத்தே தீருவேன்.

ஜனவரி 27, திங்கள்

இதைக் கடையில், கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரி இனி என் கைப்பையில்தான் இருக்கும்.

நேற்று எழுதியது பொய். ஒரு ரகசியமும் கிடையாது. பட்டியலிலேயே உதவாக்கரை யாரென்று தேடி, அந்தக் கிழவனைப் புகழ்ந்து எழுதி, டைரியை வைத்த இடத்திலேயே வைத்தேன். மூளை உள்ளவன் எவனும் அவரை எடுக்க மாட்டான். இந்தப் பக்கத்தைப் படித்தவன் மட்டும்தான் எடுப்பான்.

காலை ஆறு மணி இரண்டு நிமிடம். தாத்தாவைக் கொக்கு எடுத்துவிட்டான்.

இப்போது எனக்கு வந்திருப்பது கோபமா, ஜெயித்துவிட்ட சந்தோஷமா என்று தெரியவில்லை. நான் சந்தேகப்பட்டது சரிதான்.

ஜனவரி 28

சாயங்காலம் இவர் வந்ததும் நாத்தனாரிடம் கேட்டுவிட்டேன். மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் கேட்டேன், அந்த மட்டும் புத்தி இருந்தது.

"நான் படிக்கல அண்ணி" என்றாள்.

படிக்காமலா கிழவன் காலையில் போனான்? மூன்று வாரக் கதையையும் தேதியோடு எடுத்து வைத்தேன். உன்னைப் பற்றி எழுதியதையும் படித்திருப்பாயே என்றேன். அதற்கு அவள், "என்னைப் பத்தி என்ன எழுதினீங்க?" என்று கேட்டாள். முகத்தை அப்படி வைத்துக்கொண்டு கேட்டாள். கவுன்டரில் எத்தனை நடிப்பைப் பார்த்திருக்கிறேன், எனக்கேவா?

இவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். எனக்குத் துணையாகவும் பேசவில்லை, தங்கைக்குத் துணையாகவும் பேசவில்லை.

கடைசியில் அவள்தான் பேசினாள். "நீங்க ரசீது கேப்பீங்க அண்ணி. படிக்கலேங்கிறதுக்கு நான் எங்க போய் ரசீது வாங்குறது?"

வாய்ச்சாலகம்.

ஜனவரி 30

போய்விட்டாள். பெண்கள் விடுதியில் இடம் கிடைத்ததாம். கிளம்பும்போது பெட்டியைக் கூடத்தில் வைத்து, நான் கேட்காமலே ஜிப்பைத் திறந்து காட்டினாள். எங்கள் கடையில் சாயங்காலம் வெளியே வரும்போது காவலாளி பையைப் பார்ப்பார். அவர் கேட்குமுன் நானே திறந்து காட்டிவிடுவேன், அந்த மாதிரிதான் காட்டினாள். மூடு, மூடு என்றேன். மகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீடு விசாலமாகிவிட்டது.

பிப்ரவரி 9

தாத்தாவை வாங்கிய பிறகு கொக்கு ஆடிய ஆட்டம் ஆறு. ஆறிலும் வெற்றி. குருட்டு அதிர்ஷ்டம்.

பிப்ரவரி 14

மகளின் ஒரு கால் ஷூவைக் காணோம். தேடி எடுப்பதற்குள் பஸ் போய்விட்டது. வேலைக்குத் தாமதம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பத்துக்குப் பத்து. தாத்தா இன்னமும் மூன்று புள்ளிதான் போடுகிறார். மூன்று புள்ளிக்காரரை வைத்துக்கொண்டு பத்து ஆட்டம் ஜெயிக்கிறான் என்றால் கம்ப்யூட்டரிலேயே ஏதோ தில்லுமுல்லு. லீகை நடத்தும் கிடங்கு சூப்பர்வைசரிடம் நாளை எழுத்திலேயே புகார் கொடுக்கப்போகிறேன்.

இவர் இப்போதெல்லாம் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொள்கிறார்.

பிப்ரவரி 25

என்னத்தைச் சொல்ல.

சூப்பர்வைசர் என் புகார்க் காகிதத்தோடு கவுன்டருக்கே வந்தார். சிரித்தார். "அக்கா, கொக்கு யாருன்னு தெரியுமா? பால் வண்டி ஓட்டுறவன். விடியறதுக்குள்ள ரவுண்டு முடிச்சு ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவான். டீயைக் கையில வச்சிக்கிட்டு ஆள் பிடிப்பான். ரெண்டு வருஷமா இதேதான்." போனில் லீகின் பழைய பதிவைத் திறந்து காட்டினார். திங்கள், ஆறு மணி. திங்கள், ஆறு மணி. போன வருடமும் அப்படியே. நாத்தனார் என் வீட்டு வாசலை மிதிப்பதற்கு எத்தனையோ மாதம் முன்பிருந்து அப்படியே. ஞாயிறு விலை இறங்கும், திங்கள் விடிந்ததும் அவன் எடுப்பான், நான் மதியச் சோற்றுக்கு உட்காரும்போது பார்ப்பேன். அந்தப் பதிவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். ஊரையெல்லாம் ரசீது கேட்கிற நான் அதைத் திறந்ததே இல்லை.

நல்ல ஆள் உங்கள் கண்ணிலும் படுவான், அவன் கண்ணிலும் படுவான், இதில் என்ன அதிசயம் என்றார்.

அப்படியென்றால் தாத்தா? அது நான் வைத்த பொறியல்லவா? அந்த உதவாக்கரையை எவன் எடுப்பான்?

அதற்கும் ஒரு பக்கம் இருக்கிறது. ஆட்டக்காரனின் பெயரை அழுத்தி, கடைசிவரை தள்ளிக்கொண்டே போனால் வருகிறது. அந்த ஆள் களத்தில் இருந்த நேரத்தில் அணி எப்படி ஆடியது, வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தில் எப்படி ஆடியது என்று இரண்டு வரி. நான் புள்ளிக் கணக்கோடு நின்றுவிடுகிறவள். அதுவரை போனதில்லை. தாத்தா இதுவரை இருந்த ஐந்து அணியிலும் அவர் உள்ளே இருந்தால் முன்னிலை, வெளியே வந்தால் சரிவு. அவர் ஒன்றும் செய்வதாகத் தெரியாது. மற்ற நான்கு பேரும் நன்றாக ஆடுவார்கள், அவ்வளவுதான். கொக்கு இரண்டு வாரமாக அவருக்காகக் காத்திருந்தானாம்.

பட்டியலிலேயே உதவாக்கரை என்று நான் தேடிப் பிடித்தது அந்த மனுஷனை.

அய்யோ. அவ படிக்கல. அவ படிக்கவே இல்ல.

பிப்ரவரி 26

மகளிடம் டைரியை எடுத்தாயா என்று கேட்டேன். எடுத்தாளாம். படம் வரையக் காகிதத்துக்கு அடியில் வைத்தாளாம். "அட்டை கெட்டியா இருந்துச்சும்மா." தலைகீழாக வைத்தது அவள்தான்.

பிப்ரவரி 27

இன்றும் தாமதம். மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். இந்த மாதம் ஏழாவது முறையாம். போன மாதம் ஒன்றுகூட இல்லையே, என்ன ஆச்சு என்று கேட்டார்.

போன மாதம் ஒன்றுகூட இல்லை. காலையில் ஷூ இரண்டும் வாசலில் ஜோடியாக இருக்கும். என் சாப்பாட்டு டப்பா கட்டித் தயாராக இருக்கும். இவர் சட்டை தேய்த்துத் தொங்கும். யார் செய்தது என்று நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. என் அதிகாரத்துக்குப் பயந்து வீடு தானாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்கூட அந்த ஐந்து வாரமும் சாப்பிடும்போது சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

மார்ச் 2, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவ படிக்கலேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். அப்புறம் ஏன் வாயைத் திறக்கலை? "திறந்திருந்தா நீ என்னையும் சந்தேகப்பட்டிருப்பே." அது உண்மை. அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது.

ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசியதெல்லாம் வேலைக்கான போன் நேர்காணலாம். ஐந்து இடத்தில் வேண்டாம் என்றுவிட்டார்களாம். அண்ணியிடம் சொல்ல வெட்கம். சொல்லியிருந்தால் நான் என்ன கேட்டிருப்பேன்? உன்னை ஏன் வெளியே விட்டாங்க என்றுதான் கேட்டிருப்பேன்.

மார்ச் 9

போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

விடுதிக்குப் போனேன். வாசல் நோட்டில் பெயர், உறவு, வந்த காரணம் எழுதச் சொன்னார்கள். காரணத்தில் பேனா நின்றுவிட்டது. காவல்கார அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சும்மா பாக்கன்னு போடுங்கம்மா, எல்லாரும் அதான் போடுறாங்க" என்றாள். அதையே எழுதினேன்.

நாத்தனார் இறங்கி வந்தாள். இளைத்திருந்தாள். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததில் ஒன்றும் வரவில்லை. தாத்தாவைப் பற்றி, பால் வண்டிக்காரனைப் பற்றி, அந்த இரண்டு வரியைப் பற்றி உளறினேன். பிறகு, "தப்பு என்மேலதான். நீ படிக்கல. வீட்டுக்கு வந்துடும்மா" என்றேன். அழுதுவிட்டேன், கூடத்தில் நான்கு பேர் பார்க்க.

அவள் அழவில்லை. என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். "விடுங்க அண்ணி. ஒருநாள் சாப்பிட வர்றேன்."

மார்ச் 24, திங்கள்

சீசன் முடிந்தது. கோப்பை கொக்குக்கு. தாத்தாவின் ஒப்பந்தமும் முடிந்து மறுபடி பட்டியலில் வருவார் என்று, வாழ்க்கையில் முதல்முறையாகத் திங்கள் காலை ஐந்தரைக்கே எழுந்து உட்கார்ந்தேன். வரவில்லை. நேற்றே கொக்கு அவரை நிறுத்திக்கொண்டுவிட்டான். இரண்டு வருடம், அவர் கேட்ட முழு விலை. சல்லிசாக அல்லாமல் யாரையும் வாங்காதவன்.

மார்ச் 30, ஞாயிறு

நாத்தனார் சாப்பிட வந்தாள். வேலை கிடைத்துவிட்டது, ஒரு கூரியர் அலுவலகத்தில். விடுதியிலேயே இருந்துகொள்கிறாளாம், அங்கிருந்து போக வசதியாம். எங்கள் வீட்டிலிருந்து அது ஒரே பஸ்.

நன்றாகத்தான் பேசினாள். மகளைக் கட்டிக்கொண்டாள், இவரைக் கிண்டல் பண்ணினாள், இவர் சிரித்தார். தாத்தா எப்படி இருக்கிறார் என்று என்னிடம் விசாரித்தாள். மகள் உள்ளறையிலிருந்து கூப்பிட்டபோது மட்டும் வாசற்படியில் நின்று, "அண்ணி, உள்ள போகலாமா?" என்று கேட்டாள். ஐந்து வாரம் அவள் படுத்த அறை.

இரண்டு வாரமாக டைரியைச் சாப்பாட்டு மேஜை மேலேயே விட்டுவைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றுதான். அவள் கண்ணில் பட வேண்டும் என்றும்தான். தட்டு வைக்க வந்தவள் மேஜைக்கு ஒரு அடி முன்னால் நின்றுவிட்டாள். இரண்டு கையிலும் தட்டு. ஒரு விரலால் தள்ளியிருந்தாலே போதும்.

"அண்ணி, உங்க டைரி இருக்கு. கொஞ்சம் எடுத்துக்கிறீங்களா?"

எடுத்துக்கொண்டேன். அப்புறம்தான் தட்டை வைத்தாள்.