கிட்டிப் பணத்தில் ஒரு கூரை

8 ஆகஸ்ட் 1998, சனி

சமையலறைக் கூரையிலிருந்து ஒரு பாளம் காரை பெயர்ந்து குக்கர் மேல் விழுந்தது. குக்கருக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்த பருப்புதான் போயிற்று.

செந்தில் சென்னையிலிருந்து போன் செய்தபோது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். "ஏம்மா, தலையில விழுந்திருந்தா? வீட்டை வித்துட்டு இங்க வந்துருங்க." என் வீட்டுக்காரர் காலமான இந்த இரண்டு வருஷமாக மகன் பாடும் ஒரே பாட்டு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அக்டோபர்ல ஆபீஸ் வேலையா வருவே இல்ல? வந்து பாரு. கூரை ஒழுகினா உன்கூடவே ரயிலேறிடறேன்."

"அப்பச் சரி. திரும்பறதுக்கு ரெண்டு டிக்கெட் போடறேன்" என்கிறான். கொழுப்பைப் பார்!

9 ஆகஸ்ட்

டெல்லி மோதி பாக்கில் முப்பத்தோரு வருஷம் அரசாங்கக் குடியிருப்பு. காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவர் விதிமுறை பார்ப்பார். ஓய்வு பெற்ற பிறகு வாங்கிய இந்த மயூர் விஹார் வீடு என் பெயரில் இருக்கிறது. இரண்டாம் மாடி, இரண்டே அறை, தலைக்கு மேல் மொட்டை மாடி. வாழ்நாளில் எனக்கென்று கிடைத்த முதல் சுவர். அதை விற்பதா?

ஆனால் பணம்? அவர் விட்டுப்போனது வங்கியில் இருக்கிறது. அதன் வட்டியும் குடும்ப ஓய்வூதியமும்தான் என் சாப்பாடு. அசலைத் தொடமாட்டேன். மகனிடம் கேட்கமாட்டேன். பின்னே வானத்திலிருந்தா விழும்? அங்கிருந்து விழுவது மழைதான், அதுவும் நேரே என் அடுப்பில்.

20 ஆகஸ்ட்

கீழ்வீட்டுப் பூங்கோதை மதுரைக்காரி. அவள் பேசினால் மூன்று மாடிக்கும் கேட்கும். "அக்கா, எங்க கிட்டி செப்டம்பர்ல புதுசா ஆரம்பிக்குது. ஓர் இடம் காலி. பன்னெண்டு பொம்பளைங்க, மாசம் ஆயிரம். சீட்டுக் குலுக்கி யார் பேரு வருதோ அவங்களுக்கு அம்புட்டும்!"

நான் படித்த கோயம்புத்தூர் கான்வென்ட்டில் எங்கள் மதர் சுப்பீரியர் சூதாட்டத்தையும் சோம்பலையும் ஒரே மூச்சில் திட்டுவார். பளபளவென்று உடுத்திக்கொண்டு சமோசாவும் அரட்டையுமாக மத்தியானத்தைக் கொல்லும் இந்தக் கூட்டத்தைப் பற்றி நானும் சொல்லாத வார்த்தை இல்லை. "யோசிக்கிறேன்" என்றேன் கம்பீரமாக.

மாலைக்குள் யோசித்தாயிற்று. சேருகிறேன்.

12 செப்டம்பர், சனி

இன்று மத்தியானம் என்ன ஆயிற்று தெரியுமா!

முதலிலிருந்து எழுதுகிறேன். மூன்று மணி என்றார்கள், மூன்று மணிக்குப் போனேன். மிஸஸ் பாட்டியா தலை நிறைய மருதாணியை அப்பிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். மற்றவர்கள் நாலு மணிக்கு மேல் வந்தார்கள். நேரத்துக்கு வருபவருக்குப் பரிசாம், ஒரு பிளாஸ்டிக் டப்பா. இந்த டப்பா இனி மாதாமாதம் எனக்குத்தான்.

பிறகு தம்போலா, அட்டையில் எண் அடிக்கும் ஆட்டம். எண்களை ஒருத்தி வாய்க்குள்ளேயே முனகினாள். எனக்குப் பொறுக்கவில்லை. "கொண்டா இங்கே" என்று வாங்கி, கான்வென்ட் மேடையில் நின்ற குரலில் அழைத்தேன். எண்பத்தெட்டுக்குத் தம்போலாவில் ஒரு பட்டப்பெயர் உண்டு; அது வந்ததும் பழக்கதோஷத்தில் "டூ ஃபேட் லேடீஸ்!" என்றுவிட்டேன். எதிரில் மிஸஸ் பாட்டியாவும் அவள் தங்கையும் ஒரே சோபாவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மிஸஸ் பாட்டியா, "அரே ஆன்ட்டிஜி, எங்களையா?" என்று சிரித்த சிரிப்பில் சோபா குலுங்கியது.

கடைசியில் சீட்டு. எடுத்தார்கள், பிரித்தார்கள். என் பெயர்! சாந்தகுமாரி.

நான் கத்தினேன். அறுபத்தெட்டு வயதில், பிறத்தியார் வீட்டில், வாய்விட்டு!

பணத்தைக் கைப்பையில் வைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு படியேறும்போதுதான் பூங்கோதை சொல்கிறாள்: "அக்கா, சீட்டு விழுந்தவங்க வீட்டுலதான் அடுத்த கிட்டி. அக்டோபர் பத்து. தெரியும்ல?"

தெரியாது. அந்தக் காரைக்கு அடியிலா அத்தனை பேரையும் உட்கார வைப்பது?

25 செப்டம்பர்

மொட்டை மாடியைக் கொத்தி, விரிசல்களை அடைத்து, தார் பூசியாயிற்று. சமையலறைக் கூரைக்குப் புதுப் பூச்சு. நான் அளவுகோலோடு ஸ்டூலில் ஏறியதைப் பார்த்து மிஸ்திரி சலீம் கையெடுத்துக் கும்பிட்டான். "மாதாஜி, இது கூரை. ஸ்கூல் நோட்டு இல்லை" என்றான் இந்தியில். ஒரு மூலையை மறுபடி பூச வைத்தேன். முணுமுணுத்துக்கொண்டே பூசினான். இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது.

இனி வெள்ளையடிப்பதுதான் பாக்கி. நாளைக்கு ஆள் பார்த்தால் போதும்.

28 செப்டம்பர்

ஆள் இல்லை! எங்கேயும் இல்லை!

டெல்லி முழுக்க தீபாவளிக்குத்தான் வெள்ளையடிக்குமாம். ஒரு மாதம் முன்பே பேசி வைத்துவிடுவார்களாம். பெயின்ட் கடைக்காரன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "தீபாவளி கழித்து வாருங்கள்" என்றான். நம் பக்கம் பொங்கலுக்குத்தானே அடிப்போம்? மோதி பாக்கில் அரசாங்கமே ஆள் அனுப்பும், நாங்கள் சாமான்களை நகர்த்திக் கொடுப்போம், அவ்வளவுதான். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து என்ன தெரிந்துகொண்டேன்? ஐயோ, அந்தச் சுவர்! மழைநீர் வழிந்து மீசை மீசையாய்க் கறை. என்னடி பண்ணப்போறே, சாந்தகுமாரி?

29 செப்டம்பர்

நானே அடிக்கப்போகிறேன்.

3 அக்டோபர்

அவருடைய பழைய பைஜாமா, முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. ஸ்டூலைப் பூங்கோதை பிடித்துக்கொண்டாள். "அக்கா, இந்தக் கோலத்துல உங்களைப் போட்டோ எடுத்து உங்க கான்வென்ட்டுக்கு அனுப்பட்டுமா?" "அனுப்பு. கோடு நேரா இருக்கான்னு அவங்களே பார்க்கட்டும்."

இளமஞ்சள் டிஸ்டெம்பர், பொடியைத் தண்ணீரில் கரைத்து அடிப்பது. முதல் சுவர் முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தேன். இவ்வளவு சந்தோஷமான காரியத்தை ஏன் இத்தனை நாள் கூலி கொடுத்துச் செய்துகொண்டிருக்கிறார்கள்?

5 அக்டோபர்

அனர்த்தம். இரண்டாவது வாளியில் பொடி கூடிவிட்டது. காய்ந்த பிறகு பார்க்கிறேன், மேலே எலுமிச்சை, கீழே மாம்பழம். நடுவில் இடுப்பு உயரத்தில் ஒரு கோடு. மறுபடி அடிக்கப் பொடி வாங்கினால் விருந்துக்குக் கை கடிக்கும். செந்தில் வேறு போன் செய்தான். பத்தாம் தேதி காலையே வருகிறானாம்! "ரெண்டு டிக்கெட்டும் கன்ஃபர்ம் ஆயிடுச்சும்மா."

வா மகனே, வா.

10 அக்டோபர், சனி

காலையில் தாழ்ப்பாள் போட மறந்திருக்கிறேன். அந்த இரண்டு மஞ்சளையும் அப்படியே விட்டு, கடைசி மூலையில் நிற்கும்போது பின்னால் குரல். "அம்மா! இறங்குங்க கீழே! அது அப்பா சட்டைதானே?"

"இறங்கறேன். இந்த மூலை முடியட்டும்."

பெட்டியைக் கூடக் கீழே வைக்காமல் நின்றான். பிறகு வைத்தான். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். "இடது பக்கம் விட்டுப்போச்சு பாருங்க" என்றான். அவன் என் மகன்தான்.

மூன்று மணி கிட்டி. ஒருத்தி மூன்றரைக்கே வந்துவிட்டாள், என் டப்பாவுக்குப் போட்டி. வடக்கத்திப் பெண்கள் புருஷனுக்காக விரதம் இருக்கும் கர்வா சௌத் இப்போதுதான் முடிந்திருக்கிறது. எல்லோர் கையிலும் மருதாணிச் சிவப்பு, என் நகமெல்லாம் மஞ்சள். மிஸஸ் பாட்டியா சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். "ஆன்ட்டிஜி! டூ டோன்! குல்மோஹர் பார்க்கில் என் நாத்தனார் இதற்கு டிசைனர் வைத்தாள். உங்கள் ஆள் யார்?"

"ரொம்ப பிஸியான ஆள்" என்றேன். சமையலறைப் பக்கம் செந்தில் இருமினான்.

வெங்காயம் விற்கிற விலையில் வெங்காய பஜ்ஜி போட்டேன். நகைக்கடையில் தட்டை நீட்டினால் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். செந்திலைப் பிடித்து உட்கார வைத்துத் தம்போலா ஆட விட்டார்கள். எல்லா எண்ணும் அடித்து ஃபுல் ஹவுஸ் அவனுக்கு! சோப்பு டப்பா பரிசு.

11 அக்டோபர்

விடிந்ததும், "கலர் எல்லாம் சரிம்மா. பேச்சு கூரையைப் பத்தித்தானே?" என்றான்.

"தாராளமா ஊத்திப் பாரு."

மொட்டை மாடி வடிகுழாயில் துணியை அடைத்து, எங்கள் தொட்டித் தண்ணீரை வாளி வாளியாய் ஊற்றினான். அக்கம்பக்க மாடிகளில் ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் சமையலறையில், அன்று காரை விழுந்த இடத்துக்கு நேர் கீழே, நாற்காலி போட்டுக் காபி குடித்தேன். பூங்கோதை குடை கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். காபிக் கோப்பையை மட்டும் கையால் மூடிக்கொண்டேன்.

மத்தியானம் வரை காத்திருந்தோம். கூரையைத் தடவித் தடவிப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. ஈரம்கூட இல்லை.

தொட்டியிலும் ஒரு சொட்டு இல்லை. பரிசு வாங்கிய சோப்பு டப்பாவோடு பூங்கோதை வீட்டுக்குக் குளிக்கப் போனான். அவள் சிரித்தது மூன்று மாடிக்கும் கேட்டது.

13 அக்டோபர்

டிக்கெட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் பேசவில்லை. ஆபீஸ் வேலை முடிந்து தாமதமாக வந்தான். "ரிசர்வேஷன் கவுன்ட்டர்ல செம கூட்டம்மா" என்றான். அவ்வளவுதான். என் டிக்கெட்டை ரத்து செய்ததற்குப் பிடித்தம் எவ்வளவு என்று கேட்டேன். "அது என் செலவு" என்றான்.

14 அக்டோபர்

காலையில் செந்தில் கிளம்பிப் போனான். நேற்று இரவே காரைப் பாளம் மாதிரி கெட்டியாய்ச் சப்பாத்தி கட்டிக்கொடுத்தேன், குற்றம் சொல்லவில்லை.

வாளியில் மாம்பழ மஞ்சள் பாதி மிச்சம் இருக்கிறது. மாடிப்படிச் சுவர் கண்றாவியாக இருக்கிறது. "அக்கா, அது பொதுச் சுவரு" என்கிறாள் பூங்கோதை.

"தெரியும். நீ ஸ்டூலை எடு."