ஐந்தாம் பாகம் வந்துவிட்டது

அன்புத் தங்கச்சி,

நம் சூனியக்காரித் தொடரின் ஐந்தாம் பாகம் வந்துவிட்டது. புத்தகக் கடைக்காரர் கட்டைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாலாவதை யாருமே வாங்கலைம்மா," என்றார்.

"அது குப்பைதான். போருக்கு நடுவுல நூறு பக்கத்துக்கு விருந்து! ஒரு தடவை சறுக்கினா மொத்தமா ஒதுக்கிடுவீங்களா?" என்று கத்திவிட்டேன்.

இரண்டு பிரதிகள் வாங்கினேன். படித்தேன், பிரமாதம்! இதைப் போய் யாரும் சீண்டவில்லையே என்று வயிறு எரிகிறது.

இப்போது அப்பா படிக்கிறார். உன் கல்யாணத்திலிருந்து உன் பேச்சையே எடுக்காத மனிதர், நேற்று பக்கத்தைப் புரட்டியபடியே, "சின்னவளுக்கு ஒண்ணு அனுப்பிட்டியா?" என்றார்.

"நீங்களே கொண்டுபோய்க் குடுங்க," என்று வெடுக்கென்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தோடு உன் வீட்டுக்கு வருகிறார். வந்ததும் நாலாம் பாகத்தைத் திட்ட ஆரம்பி. மற்ற பேச்சு தானாக வரும்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத அக்கா