நாவலில் இல்லாத சமையல்காரன்

என் அருமை ராஜத்துக்கு,

நீ போயிருக்கும் இடத்தில் படம் காட்டுகிறார்களா? காட்டினாலும் நீ எட்டிப் பார்த்திருக்க மாட்டாய். "படிக்கப் புத்தகம் ஏதாச்சும் இருக்கா?" என்று அங்கேயும் யாரையாவது உலுக்கிக்கொண்டிருப்பாய்.

ஒரு சேதி. நான் செனாவாங்கில் நம் மகன் வீட்டில்தான் இருக்கிறேன். போன வாரம் ஷிப்ட் முடிந்து வந்தவன் ஒரு வீடியோ கசெட்டை நீட்டினான். நம் படம்! நீ கொண்டாடிய நாவலைப் படமாக எடுத்தார்களே, எது ஒசத்தி என்று நீ கண்மூடும் வரை நாம் சண்டை போட்டோமே, அதே படம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம் நினைவுக்கு வந்துவிட்டது. பகாவ் பக்கத்து நம் தோட்டத்தில் ரப்பர் வெட்டு நின்றுபோய், எல்லோரும் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். காலையிலும் மரவள்ளி, மாலையிலும் மரவள்ளி. மண்ணெண்ணெய் கிடையாது. தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மகளான நீ, பொழுது சாய்வதற்குள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்த நாவலை உரக்க வாசிப்பாய். எழுதப் படிக்கத் தெரியாத, லயத்து வரிசை வீடுகளின் சனம் உன்னைச் சுற்றி உட்காரும்.

நான் ஓரத்தில் நின்று வாயைத் திறப்பேன். யுத்தத்துக்கு முந்தியே சிரம்பானில் படத்தைப் பார்த்தவன் அந்தத் தோட்டத்தில் நான் ஒருவன்தானே!

"படத்துல அப்படி இல்லியே லா."

"அப்ப படம்தான் தப்பு," என்பாய் தலை நிமிராமல்.

நாயகன் பிழைப்புத் தேடிக் கப்பலேறும் இடம் ஞாபகமிருக்கிறதா? நாவலில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறிவிடுகிறான். நீ வாசித்தபோது பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நான் விடுவேனா? படத்தில் அம்மாவுக்கு ஒரு பாட்டு, நாயகிக்கு ஒரு பாட்டு, மூட்டை தூக்குகிறவனுக்குக்கூட ஒரு பாட்டு. எல்லாவற்றையும் பாடிக் காட்டினேன்.

"இவங்க பாடி முடிக்கிறதுக்குள்ள கப்பல் கெளம்பியிருக்காதா?" என்றாய்.

"கப்பல்காரனும் பாட்டுக் கேட்டுக்கிட்டு நின்னான்."

ஆனால் சனத்தை என் பக்கம் இழுத்தது பாட்டு இல்லை, சமையல்காரன். படத்தில் சிரிப்புக்காகச் சேர்த்த ஆள், நாவலில் கிடையாது. "இன்னைக்கு என்ன சமைச்சான்?" என்று தினமும் கேட்டார்கள். பருப்பு சாம்பார், கத்திரிக்காய்ப் பொரியல், ஆட்டுக்கறிக் குழம்பு என்று நானும் சொல்லிக்கொண்டே போனேன். உன் அப்பாவே வேலியோரம் வந்து நின்றார். ராஜம், கசெட்டில் பார்த்தேன்: அந்த ஆள் ஒரே காட்சியில்தான் வருகிறான். ஒரு காப்பியைக் கொண்டுவந்து வைக்கிறான், அதையும் கொட்டிவிடுகிறான். மற்றதெல்லாம் என் பசி சமைத்தது!

நாம் போட்ட கூத்தில் கதையை நெஞ்சில் வாங்கிக் கேட்டவள் அஞ்சலை. அவள் புருசன் முனியாண்டியை ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. தினமும் உன் முழங்காலை ஒட்டி உட்காருவாள்.

"கப்பல்ல போனவன் வந்துருவான்ல, தங்கச்சி?"

"வாசிச்சாத்தானே தெரியும்க்கா," என்பாய்.

கடைசி அத்தியாயத்தன்று நீ பக்கத்தைப் பார்த்தாய், அஞ்சலையைப் பார்த்தாய், தொண்டையைச் செருமிக்கொண்டாய். பிறகு வாசித்தாய். நாயகன் ஒருநாள் மத்தியானம் வீட்டுப் படியில் வந்து நிற்கிறான். நாயகி கையிலிருந்த சொம்பைக் கீழே போடுகிறாள். அவனை இலை போட்டு உட்கார வைக்கிறார்கள். பரிமாற வருவது யார்? சமையல்காரன்! சோறு, நெய், பருப்பு, வடை, பாயசம். வரிசை தப்பாமல் வாசித்தாய். கூட்டம் எச்சில் விழுங்கியது. அஞ்சலை அழுதுகொண்டே சிரித்தாள்.

"பாத்தீங்களா? படத்துல மாதிரியே புத்தகத்துலயும் திரும்பி வந்துட்டான், சமையல்காரனும் இருக்கான்!" என்று நான் குதித்தேன். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். நீ புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாய்.

மறுநாள் மரவள்ளிக் காட்டில் உன்னைச் சீண்ட வந்தேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய்:

"புத்தகத்துல அவன் திரும்பி வரல. போன எடத்துல காய்ச்சல்ல செத்துப் போறான். அஞ்சலைக்கா மூஞ்சியப் பாத்துக்கிட்டு அத வாசிக்கச் சொல்றீங்களா?"

மண்வெட்டியும் கையுமாக நின்றேன். நல்ல வார்த்தை ஒன்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, "அப்ப அந்தச் சமையல்காரன்?"

"ஏன், எனக்குப் பசிக்காதா?"

உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த இடத்தில்தான். இதை உன்னிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா?

ஜப்பான்காரன் போன பிறகு முனியாண்டி வந்தான். எலும்பும் தோலுமாக, ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தான். அஞ்சலை அவனை உட்கார வைத்து, மரவள்ளியை ஊட்டிவிட்டு, கதை முழுவதையும் சொன்னாள். அவன் மென்றுகொண்டே கேட்டுவிட்டு, "போன ஆளு திரும்பி வர்றதா? நம்புற மாதிரியா இருக்கு?" என்றான். அன்று நீ சிரித்த சிரிப்பில் உன் அப்பா பயந்துபோனார்.

அப்படியும் நீ விட்டாயா? கல்யாணத்துக்குப் பிறகும், நாவலின் முடிவுதான் சரி, படக்காரனுக்கு மூளை இல்லை என்று என்னோடு மல்லுக்கு நின்றாய். நானும் வீம்புக்கு அந்த நாவலைத் தொடவே இல்லை.

இப்போது என்னோடு சண்டை போட ஆளில்லை. அதனால் நாளைக்கு, மகன் வேலைக்குப் போனதும், உன் நாவலை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கப் போகிறேன். பாட்டு எதுவும் சேர்க்க மாட்டேன், சத்தியமாக. கடைசி அத்தியாயம் வந்ததும் மூடிவைத்துவிடுவேன்.

அதை நீதான் எனக்கு வாசித்துவிட்டாயே.

உன்னால் ஜெயித்த,
உன் வீட்டுக்காரன்