நீ அனுப்பாத சட்டை

என் அன்புக் குட்டிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு, நன்றாக இருக்க வேண்டும். வாரா வாரம் போனில் பேசுகிற அம்மா திடீரென்று கடிதம் எழுதுகிறாளே என்று பதறாதே. அப்பா போன மாதத்தோடு பஸ் டிப்போ வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், அன்றிலிருந்து வீட்டில் இருக்கிற ஒரே போன் அவர் சட்டைப் பையில் குடியேறிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை நீ வழக்கமான நேரத்துக்குக் கூப்பிட்டாய் அல்லவா, போன் அவர் கையில்தான் இருந்தது. உன் பெயரைப் பார்த்தார், அது அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார், எடுக்கவும் இல்லை, என்னிடம் நீட்டவும் இல்லை. யாருங்க என்று கேட்டேன். "ராங் நம்பர்" என்றார். கீழ் வீட்டு டீச்சர் போனிலிருந்து உன்னை மூன்று தடவை கூப்பிட்டேன், தெரியாத எண் என்று நீ எடுக்கவில்லை, அப்படி எடுக்காதே என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான், யாரை நொந்துகொள்வது. டீச்சரின் தம்பி சனிக்கிழமை உன் ஊருக்கு விமானம் ஏறுகிறார், இதை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ இதை ஒரு வரி விடாமல் படித்தாக வேண்டும், ஏன் என்று சொல்கிறேன். இப்போது தையல் மெஷினுக்கும் அலமாரிக்கும் நடுவில், கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் அட்டை வைத்து எழுதுகிறேன், நடுநடுவே வெறும் மெஷினை மிதித்துச் சத்தம் கொடுத்துக்கொள்கிறேன். தலையணை உறை தைப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் தலையணை மூன்று, நான் தைத்ததாகச் சொன்ன உறை இதுவரை முப்பதாவது இருக்கும்.

விஷயம் போன வருடமே ஆரம்பித்துவிட்டது, நீ கோபப்படுவாய் என்று போனில் உன்னிடமும் சொல்லவில்லை. உன் அத்தை ஒரு நாள் வந்து சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, அப்பா எதிரிலேயே, "உங்க பொண்ணு போய் மூணு வருஷம் ஆகுதே, அப்பனுக்கு ஒரு கைக்குட்டையாவது அனுப்பினாளா?" என்று கேட்டாள். உன் அப்பா எழுந்து போய் ஏற்கெனவே மூடியிருந்த குழாயை இன்னும் இறுக்கி மூடினார். நீ கிளம்பின அன்று, போனால் போனதுதான், இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதே என்று கத்தியவர் அவர்தான், நீயும் அவருக்கு மகளாகப் பிறந்தவள், பிடித்த பிடியை விடவில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை. என் வாய் என்னைக் கேட்காமலே, "பார்சல் வந்துக்கிட்டே இருக்கு அண்ணி, கப்பல்ல போட்டிருக்கா, அதான் லேட்டு" என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகு கப்பலை நான் எங்கே போய்த் தேடுவது?

டீச்சரிடம் ஒரு பழைய பத்திரிகையை வாங்கி, அதில் இருந்த படங்களைப் பார்த்துப் பார்த்து நானே தைத்தேன். அப்பாவுக்கு ஒரு சட்டை, பொத்தான் எதுவும் வெளியே தெரியாமல் பட்டியால் மூடி, காலர் நின்றால் நின்றபடி இருக்கிற மாதிரி. அத்தை மகளுக்கு இடுப்பில் பக்கவாட்டில் முடிச்சுப் போடும் ஒரு கவுன். துணி எது தெரியுமா, நீ போகும்போது பிரிக்காமல் விட்டுப்போன அந்தச் சாம்பல் நிறப் படுக்கை விரிப்பு. நீயும் அங்கே ஏதாவது தைப்பதாக இருந்தால் இதைக் கேட்டுக்கொள், வெட்டுவதற்கு முன்னால் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்து நிழலில் காயப்போடு, சுருங்குகிறது அப்போதே சுருங்கித் தொலையட்டும், தைத்த பிறகு சுருங்கினால் துணியை விட்டுவிட்டு உன்னைக் குண்டு என்பார்கள். கோடு போட சாக் கட்டி வேண்டாம், தேய்ந்து மெலிந்த சோப்புத் துண்டு போதும், துவைத்தால் தடம் தெரியாது. வழுக்குகிற துணியாக இருந்தால் அடியில் செய்தித்தாள் வைத்துத் தைத்துவிட்டு அப்புறம் கிழித்து எடு. பொத்தான் நூலை ஒரு தடவை மெழுகுவத்தியில் இழுத்துக்கொள், பொத்தான் உன் ஆயுசுக்கும் விழாது. இவ்வளவும் செய்து, உள்பக்கம் ஒரு பிசிறு தெரியாமல் இரட்டைத் தையல் போட்டு முடித்தபோது, எனக்கே நம்ப முடியவில்லை குட்டி, என் கையா இது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் உன் பழைய கோட்டுகளில் இருந்து லேபிளைப் பிரித்துக் கழுத்தில் வைத்துத் தைத்து, பார்சல் வந்துவிட்டது என்று சொல்லிக் கொடுத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்த லேபிளில் டிரை கிளீன் மட்டும்தான் செய்ய வேண்டும் என்று போட்டிருந்ததாம். உன் அத்தை அந்தப் படுக்கை விரிப்புக் கவுனைப் பட்டுப் போல மடித்து எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, டிரை கிளீன் கடைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்கி விலா வலித்தது.

சிரிப்பு அன்றோடு சரி. அதன் பிறகு நடந்ததெல்லாம் என் கழுத்துக்கு நானே சுருக்குப் போட்டுக்கொண்ட கதைதான். அத்தை வருகிறபோதெல்லாம் அந்தக் கவுனைக் கையோடு கொண்டுவந்து, அதன் தையலை விரலால் தடவிக் காட்டி, "பாரு, இதுதான் தையல்! இத்தனை வருஷமா மெஷினை மிதிக்கிறியே, ஒரு நாளாவது இப்படித் தைச்சிருக்கியா? பார்த்துக் கத்துக்கோ" என்பாள். நான் தைத்ததை வைத்து என்னையே திட்டுகிறாள், நான் தலையை ஆட்டிக்கொண்டு அவளுக்குக் காபி கலக்கிறேன். என் ஆயுளில் நான் ஒழுங்காகச் செய்த ஒரு வேலை அது, அதை என்னுடையது என்று சொல்ல என்னால் முடியாது. ஏன் முடியாது என்றால் உன் அப்பா. அந்தச் சட்டையை அவர் வெளியே போகிறபோது மட்டும்தான் போடுவார், வந்ததும் தன் கையாலேயே அலசி, தோள்பட்டை சுருங்காமல் ஹேங்கரில் மாட்டுவார், என்னைத் தொட விடுவதில்லை. டிப்போவில் எல்லோரிடமும், "பொண்ணு அனுப்புனது" என்று சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற்ற அன்று மாலையோடு எடுத்த படத்திலும் அந்தச் சட்டைதான். மூன்று வருடம் உன் பேச்சையே எடுக்காத மனுஷன், இப்போது உன் ஊரில் என்ன மணி என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறார். அவரிடம் போய் அது படுக்கை விரிப்புங்க என்று எப்படிச் சொல்வேன்?

இந்த மாதம் கயிறு இன்னும் இறுகிவிட்டது. அத்தை வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஸ்டுடியோவில் குடும்பப் படம் எடுக்கப் போகிறார்களாம், அதற்கு அதே மாதிரி ஆறு கவுன் வேண்டுமாம், ஆறு பேரின் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்து, "உன் பொண்ணுகிட்ட சொல்லிடு, மாசக் கடைசிக்குள்ள அனுப்பிடச் சொல்லு" என்றாள். முடியாது என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அப்பா, "அதெல்லாம் அனுப்புவா" என்றார். அவர் டிப்போவுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பகல் முழுக்க வீடு எனக்கு. இப்போது அந்த நான்கு சுவருக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் நிற்கிறார். வெட்டின துணியை மாவு டப்பாவில் ஒளித்தேன், ஒரு கைப்பகுதி முழுக்க மாவானது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கையால் ஓரம் அடித்தேன், வயிறு சரியில்லையா என்று கதவைத் தட்டினார். இதெல்லாம் போதாதென்று நேற்றுச் சாப்பிட்டு எழுந்தவர், கையைத் துடைத்தபடி, "ஞாயித்துக்கிழமை நானே அவகிட்ட பேசுறேன்" என்றார். நாலு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை அது, அதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். முதல் பேச்சே சட்டை நல்லா இருக்கும்மா என்றுதான் இருக்கும். நீ எந்தச் சட்டை என்று கேட்பாய். அவ்வளவுதான், அந்த மனுஷன் மறுபடியும் குழாயை மூடப் போய்விடுவார், இந்தத் தடவை திரும்பி வரமாட்டார். என் பொய்க்கு நீ பொய் சொல்ல வேண்டியிருக்கிறது, பெற்றவள் கேட்கக் கூடாத உதவி இது, இருந்தாலும் கேட்கிறேன்.

மேலே எழுதினது புதன்கிழமை. இன்று வெள்ளி. கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன், வேண்டாம், நடந்ததையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நேற்று மத்தியானம் அவர் தூங்குகிறார் என்று நம்பி நாலாவது கவுனுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. மறைக்க இடமில்லை, மடியெல்லாம் துணி. அவர் நின்று பார்த்தார். "மெஷினுக்கு எண்ணெய் விடு, ரெண்டு நாளா கத்துது" என்றார். பிறகு உள்ளே வந்து அந்த முக்காலியில் உட்கார்ந்தார். தலையணை உறைங்க என்று நான் ஆரம்பித்தேன், எனக்கே அது கேட்கச் சகிக்கவில்லை, நிறுத்திவிட்டேன். அவர் சொன்னார், "இருபது வருஷம் கண்டக்டர் பையை மாட்டி என் வலது தோள் ஒரு விரக்கடை எறங்கிக் கெடக்கு. கடையில வாங்குற எந்தச் சட்டையும் அந்தப் பக்கம் தொங்கும். இந்தச் சட்டை தொங்கல. அங்க இருக்கிற தையல்காரனுக்கு என் தோளை எப்படித் தெரியும்?" குட்டி, நான் அளவு எடுக்கவே இல்லை. அந்தத் தோளை வெட்டும்போது இறக்கி வெட்டினேன் என்பதுகூட எனக்கு நினைவில்லை, கை தானாகச் செய்திருக்கிறது. எப்போது தெரியும் என்று கேட்டேன். "போட்ட அன்னைக்கே" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது, ஒரு வருஷமா என்னை இந்தப் பாடு படுத்தினீங்களே, அப்புறம் எதுக்கு ஊரெல்லாம் பொண்ணு அனுப்பினது என்று சொன்னீங்க என்று கத்திவிட்டேன். அவர் கீழே கிடந்த நூலைப் பொறுக்கி விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "அப்படிச் சொன்னாத்தான் அவளைப் பத்தி நாலு பேர்கிட்ட பேச முடியுது. இல்லேன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவ பேரை எடுப்பேன்?" என்றார்.

அதற்குப் பிறகு உன் அத்தைக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன், ஐயையோ வேண்டாம் என்றார். ஆகவே பொறியில் இருந்து வெளியே வந்தேன் என்று நினைக்காதே, உள்ளே இப்போது இரண்டு பேர், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னும் இரண்டு கவுன் பாக்கி. அப்பா ஓரம் அடிக்கிறேன் என்று உட்கார்ந்து, கவுனைத் தன் வேட்டியோடு சேர்த்துத் தைத்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பேசுவீங்கதானே என்று கேட்டால், "என்னத்தப் பேசுறது, அவ எந்தச் சட்டைன்னு கேட்டுட்டா?" என்கிறார். நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியும், தெரியாதது போல ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

நீ என்றைக்கும் தீர்க்காயுசோடும் தைரியத்தோடும் இருக்க வேண்டும், உன் வேலையில் நல்ல பெயர் எடுக்க வேண்டும், இதுதான் நாங்கள் இருவரும் வேண்டிக்கொள்வது. ஞாயிறு மாலை போனைப் பக்கத்திலேயே வைத்திரு, அடித்தால் முதல் மணியிலேயே எடு, இரண்டாவது மணிக்கு அவர் வைத்துவிடுவார். கடைசியாக ஒன்று, உனக்கென்று ஒரு நீலத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், கத்தரிக்கோலை எடுத்து எடுத்து வைத்துவிடுகிறேன், வெட்ட முடியவில்லை. நாலு வருடத்தில் நீ இளைத்தாயா பெருத்தாயா என்று எனக்குத் தெரியவில்லை. தோள், இடுப்பு, கை நீளம், மூன்றையும் யாரையாவது எடுக்கச் சொல்லி எழுதி அனுப்பு. அதைவிட, நீயே ஒரு தடவை வந்து என் முன்னால் நின்றால் நல்லது.

இப்படிக்கு,
உன் அளவு தெரியாமல் உட்கார்ந்திருக்கும்
அம்மா