மகளின் வகுப்பில் சொன்ன கண்மாய்க் கதை

செவ்வாய்க்கிழமை, இரவு

என்ன நோட்டு, சௌக்கியமா? உன்னைத் தொட்டு நாலு நாளாகிவிட்டது.

என் மகள் செல்வி ஜெர்மனியில் மூன்று வாரப் படிப்பு ஒன்றில் வாத்தியாருக்கு உதவியாள். உலக நாடுகள் தண்ணீருக்கு எப்படிச் சட்டம் போடவேண்டும் என்பது பாடமாம். இன்று வீடியோவில் கூப்பிட்டு, நம் ஊர்க் கண்மாய் வற்றிய கதையை மாணவர்களுக்குச் சொல்லச் சொன்னாள்.

எனக்கு நேராகச் சொல்ல வராது. காணாமல் போன மாட்டைத் திருப்பரங்குன்றத்தில் பிடித்ததில் ஆரம்பித்தேன். கடைசியில், இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். செல்வியின் காதுகுத்துப் பந்தலுக்காக, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை மண் போட்டு மூடியது நான்தான். பிறகும் வெட்டிவிடவில்லை. அங்கே தொழுவம் போட்டுக்கொண்டேன்.

செல்வி இங்கிலீஷில் சொன்னாள். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

வகுப்பு முடிந்ததும் கேட்டேன். "என்னத்தா சொன்ன?"

"மழை பொய்ச்சுப்போச்சுன்னு சொன்னேம்ப்பா. பாடத்துக்கு அதான் சரியா வரும்."

"நான் மூடுனது?"

"அம்புட்டுப் பேரு முன்னாடி எங்கப்பாவ நானே காட்டிக்கொடுக்கவா?"

"மழை மட்டும் என்னத்தா பாவம் பண்ணுச்சு?"

சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள். கண்மாய் வற்றி, கீழக்காட்டில் நாலு குடும்பம் நிலத்தை விற்றுவிட்டுப் போனது. அவர்கள் முகம்தான் —

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி கூப்பிடுகிறாள்: "ஏங்க, செல்வி திரும்பவும் லைன்ல இருக்கா. ஒங்களத் தங்கமான மனுசன்னு அங்க எல்லாரும் சொல்றாகளாம். வந்து கேளுங்க."

வாரேன் என்றேன். இந்தத் தடவை செல்வியிடம், வாய்க்காலை மூடியது நான்தான் என்று அவர்களுக்கு இங்கிலீஷில் சொல்லச் சொல்லவேண்டும்.