தம்பி பெயரில் நான் வீசிய பந்துகள்

சான் பெத்ரோ,
செவ்வாய்க்கிழமை

என் கண்ணு யானிரிஸ்,

நீ கேட்பதற்கு முன்பே ஆசியைத் தந்துவிடுகிறேன். கடவுள் உன்னையும் உன் வயிற்றில் உதைக்கிறவனையும் நல்லபடி வைத்திருக்கட்டும். இங்கே உன் அம்மாவும் நானும் சுகம், என் முட்டி மட்டும் சுகமில்லை, அது எந்தக் கடிதத்தில்தான் சுகமாக இருந்தது. அங்கே லாரன்ஸில் பனி இன்னும் விழுகிறது என்றாயே, படியில் பார்த்துக் காலை வை. மூலைக்கடை தொமாசினா மூன்றாம் முறையாகக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள், மாப்பிள்ளைக்குக் காது கேட்காதாம், இந்தத் தடவை நிலைத்துவிடும் என்று பேட்டையே நம்புகிறது. உன் அம்மா மில்கேயா குழந்தைக்குத் தொப்பி பின்னுகிறாள், அதன் அளவைப் பார்த்தால் பிறக்கப் போவது குழந்தையா பூசணிக்காயா என்று எனக்குச் சந்தேகம்.

போன வாரம் போனில், பையனுக்கு உங்க பேரையேதான் வைக்கப்போறோம் அப்பா, அனிபால்னு, என்றாய். உன் அம்மா அடுப்பைப் பார்க்கிறேன் என்று எழுந்து போனாள், அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் இருமினேன், நீ ஜலதோஷமா என்று கேட்டாய். ஜலதோஷம் இல்லை கண்ணு. அது என் பெயர் இல்லை. பேட்டையில் எல்லோரும் என்னைப் புல்போ, எட்டுக்கால் மீன் என்று கூப்பிடுவதால் உனக்குச் சந்தேகம் வர வழியே இல்லாமல் போயிற்று. உன் அம்மாவுக்கு என் சொந்தப் பெயர் தெரியும், கோபம் வந்தால் அதைத்தான் சொல்லித் திட்டுவாள், ஆனால் வெளியே கேட்டுவிடக் கூடாதே, அதனால் நம் வீட்டுச் சண்டையெல்லாம் கிசுகிசுப்பாகவே நடந்தது. நீ எங்களை ரொம்ப அன்னியோன்யமான ஜோடி என்று நினைத்துக்கொண்டாய்.

அனிபால் என் தம்பி. என்னைவிட நாலு வயது சின்னவன். ஏழு வயதில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். இறப்பை யாரும் பதியவில்லை, பிறப்புச் சான்றிதழ் மட்டும் பெட்டிக்குள் உயிரோடு இருந்தது. எனக்கு இருபத்தொன்று ஆனபோது, பையன்களுக்குப் பேஸ்பால் பயிற்சி கொடுத்து வடக்கே அமெரிக்க அணிகளுக்கு விற்கும் நிக்காசியோ என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கை தங்கம்டா, ஆனா இருபத்தொண்ணுன்னு சொன்னா எவனும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், பதினேழா ஆயிடு" என்றான். பெட்டியைத் திறந்தோம். தம்பிக்கு அந்த வருஷம் சரியாகப் பதினேழு. அணியிலிருந்து விசாரிக்க ஆள் வந்தபோது பேட்டையே சிரித்துக்கொண்டு பொய் சொன்னது, தொமாசினா அப்போதே, "அனிபாலா, இவனுக்குப் பல்லு முளைச்சதை நான் பார்த்தேனே!" என்றாள். அதற்கு முந்தின நாள் நிக்காசியோ இடுகாட்டுக்குப் போய்த் தம்பியின் பெயர் எழுதிய சிலுவையைப் பிடுங்கி அரிசிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து எங்கள் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். என் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "பேரைத் திருப்பிக் கொடுத்துடுவியா?" என்று ஒன்றுதான் கேட்டாள். கை ஓய்ந்ததும் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

வடக்கே ஆறு வருஷம் சின்ன அணிகளோடு ஊர் ஊராகப் பஸ்ஸிலேயே வாழ்ந்தேன். பெரிய அணிக்கு முப்பத்தொரு ஆட்டம், அதில் பாதி நான் இறங்கும் முன்பே தோற்றுப்போனவை. ஆட்டத்தின் நடுவில் இறங்கிப் பந்து வீசுகிறவன் பிழைப்பு அப்படித்தான், வேறொருவன் வைத்த நெருப்புக்கு வாளியோடு ஓட வேண்டும், வீடு எரிந்தால் பழி வாளிக்காரனுக்கு. கூட ஆடியவர்கள், "பத்தொன்பது வயசுல முட்டி இப்படியாடா கிறீச்சிடும்?" என்று சிரிப்பார்கள். ஒலிபெருக்கியில் அனிபால் என்று கூப்பிட்டதும் மைதானத்து வேலிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒரு மூச்சு நேரம் ஒதுங்கி நிற்பேன். அவன் முன்னால் போகட்டும் என்று. அதை என் தோரணை என்று நினைத்துப் பொடிப்பையன்கள் தெருவில் அப்படியே நின்று காட்டுவார்கள், நீயும் காட்டியிருக்கிறாய், நான் கைதட்டியும் இருக்கிறேன்.

குளிர்காலத்தில் நம் ஊர் அணிக்கு ஆடியபோது என் அம்மா ஒரே ஒரு தடவை மைதானத்துக்கு வந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் கூட்டம் முழுக்க வேலிப்பக்கம் பார்த்தது, அவள் மட்டும் டிக்கெட் கிழிக்கிற வாசலைத் திரும்பிப் பார்த்தாள், உயரம் குறைந்த யாரோ வருகிற மாதிரி, பார்வையைக் கீழே வைத்து. பக்கத்தில் இருந்த உன் அம்மா சொன்னது இது. அன்றைக்கு என் மூன்றாவது பந்தையே எதிரணிக்காரன் வேலிக்கு வெளியே அடித்தான், ஹோம் ரன், ஆட்டம் போயிற்று. பின்வரிசையில் ஒருத்தன், "செத்துத் தொலைடா அனிபால்!" என்று கத்தினான். என் அம்மா திரும்பி, "அவன் எப்பவோ செத்துட்டான் தம்பி" என்றாள். அவன் வயிறு குலுங்கச் சிரித்து, "பாட்டி, நீங்க என்னைவிட மோசம்!" என்று அவளுக்கு வேர்க்கடலை கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். அதன்பின் அவள் மைதானம் பக்கம் வரவேயில்லை.

கை ஓய்ந்தது. பெயரைக் கொடுக்கவில்லை. பயிற்சியாளர் வேலை அந்தப் பெயரில்தான் கிடைத்தது, அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே காலம் போயிற்று, அம்மாவும் போய்விட்டாள், கட்டிலுக்கு அடியில் சிலுவையைக் கரையான் தின்றுவிட்டது. இப்போதும் மருந்துக் கடையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நான் ஒரு மூச்சு கழித்துத்தான் எழுகிறேன். உன் பிறப்புச் சான்றிதழிலும் அப்பா என்று அவன்தான் இருக்கிறான், ஏழு வயதுப் பையன். இதற்கு மேல் உன் மகனையும் அவன் தோளில் ஏற்றினால் தாங்க மாட்டான் கண்ணு.

நேற்று பயிற்சிக் கூடத்தில் உண்மையை எழுதிக் கொடுத்து வேலையை விட்டேன். மேலாளர் இரண்டு தடவை படித்தார், அப்புறம், "அப்போ உங்களுக்கு ஐம்பத்து நாலா புல்போ, பார்த்தா அறுபது மாதிரி இருக்கே" என்றார். சான்றிதழைத் திருத்த வக்கீலையும் பார்த்திருக்கிறேன், உன்னுடையதும் திருந்தும், பயப்படாதே. ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குக் கல் நடுகிறோம். அந்த முப்பத்தொரு ஆட்டமும் அவன் கணக்கிலேயே இருக்கட்டும், நான் கேட்கப் போவதில்லை, ஏழு வயதுப் பையனுக்கு அது பெரிய சாதனைதான். உன் மகனுக்கு நம் வீட்டில் யாரும் போட்டுக் கழற்றாத புதுப் பெயராகப் பார்த்து வை.

இரும்புச் சத்து மாத்திரையைத் தவறவிடாதே. உன் வீட்டுக்காரனிடம் இதை நீயே பக்குவமாகச் சொல். என்மேல் கோபம் இருந்தால் போனில் தாராளமாகக் கத்து, இனிமேல் கிசுகிசுக்க வேண்டியதில்லை. கடவுள் உன் பிரசவத்தைச் சுகமாக்கட்டும், உன் மடி நிறையட்டும்.

முப்பத்து மூன்று வருஷம் கழித்து இந்தக் கையெழுத்தைப் போடும்
உன் அப்பா,
எலாடியோ